மாமாவின் பேட்ஜும் உள்ளே இருந்த நூலும்

எவன் படம் அனுப்பினாலும் சரி, முதலில் பின்பக்கத்தைக் காட்டு என்பேன். முன்பக்கம் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால்தான் தையல் தெரியும், ஒட்டு தெரியும், யார் வீட்டுக் கை என்று தெரியும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் படம் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள். அவர்கள் கையில் இருப்பது போலி என்று அப்போதே புரிந்துபோகும்.

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குக் காது மந்தம். எனக்கு இரண்டும் உண்டு. ஆனால் கண் மட்டும், என் கண்ணே பட்டுவிடப் போகிறது, இன்னும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்கும். அதனால்தான் காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் மருமகள் சமையலுக்கு மோர் கடைந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழவியை எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தேடி வருகிறார்கள். "ஆன்ட்டி, இது ஒரிஜினலா?" பழைய பட்டாளத்து பேட்ஜு சேர்க்கிற பைத்தியங்கள். நல்ல பைத்தியங்கள், சும்மா சொல்லக்கூடாது.

பதக்கம் வேறு, இது வேறு. இது சட்டைக் கையில் தைத்துக்கொள்வது, கைத்திறமைக்குக் கொடுப்பது. குறுக்காக இரண்டு கொடி இருந்தால் சிக்னல்காரன். லாடம் இருந்தால் குதிரைக்கு லாடம் அடிக்கிறவன். இரண்டு கோடாலி இருந்தால் வழி வெட்டிக் கொடுக்கிறவன். இரண்டு துப்பாக்கி இருந்தால் குறி தப்பாதவன். அந்தத் துப்பாக்கிகளுக்கு மேலே ஒரு கிரீடமும் இருந்துவிட்டால், போட்டியில் எல்லாரையும் தாண்டி முதல் ஆளாகச் சுட்டவன்.

தினப்படிச் சட்டைக்கு இதை நூலில் செய்வார்கள். விழாச் சட்டைக்குத் தங்கக் கம்பியில் செய்வார்கள். தங்கக் கம்பி என்றால் என் சட்டம் ஒன்றுதான்: தேய்ந்த இடம் பார், உள்ளே மஞ்சள் பஞ்சு நூல் தெரிந்தால் அசல், சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நம் பக்கத்தில் யாரோ செய்தது, தூக்கிப் போடு. வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இது மனப்பாடம். எங்கே கற்றுக்கொண்டீர்கள் ஆன்ட்டி என்று கேட்பார்கள். ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். ஒரு மனுஷனைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நமக்கு இனி யாருக்குப் பயம்?

எனக்கு ஒன்பது வயது. பங்குனி வெயிலில், ஒரு பச்சைத் தகரப் பெட்டியும் விளிம்பு பெயர்ந்த எனாமல் குவளையுமாக எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். அம்மா தறிப் பாவுக்குப் போடக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கஞ்சியோடு வெளியே வந்து பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன அவளுடைய அண்ணன். செத்துவிட்டார் என்று திதிகூடக் கொடுத்திருந்தார்கள்.

"எங்கேண்ணா போயிட்ட? ஒரு கடுதாசி போடக்கூடாதா?"

"பட்டாளத்துல இருந்தேம்மா. அப்பறம் வடக்க மில்லுல காவல். எழுதணும் எழுதணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

அவ்வளவுதான். எந்தச் சண்டை, எந்த ஊர், எத்தனை பேரைச் சுட்டார், ஒன்றும் வாயைத் திறக்க மாட்டார். காகிதமெல்லாம் ரயிலில் களவு போய்விட்டது, நகல் கேட்டு எழுதியிருக்கிறேன் என்பார். பெட்டியைத் திறந்தால் ரசகற்பூர வாசனையும் பீடி வாசனையும் கலந்து வரும். உள்ளே இரண்டு சட்டை, ஒரு கண்ணாடி, ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தில்தான் அது இருந்தது. சிவப்புத் துணிமேல் குறுக்காக இரண்டு துப்பாக்கி, மேலே கிரீடம். எல்லாம் தங்கம்.

"இது இன்னா மாமா?"

"குறி பாத்து சுட்டதுக்குக் குடுத்தாங்க பாப்பா. மொத ஆளா வந்தேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் மாமாவின் முகம் வேறாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த ஆள் மாதிரிதான் இருப்பார்.

அந்த பேட்ஜின் பின்துணி நைந்து போயிருந்தது. அம்மா தன்னுடைய கிழிந்த அரக்குப் பட்டுப் புடவைக் கரையில் ஒரு துண்டு வெட்டிப் பின்னால் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வெட்டிய இடத்தில் ஒரு மயில் பாதியாகிப் போயிற்று, தலை இல்லாத மயில். "ஐயோ, தலய வெட்டிட்டேனே" என்று அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமா சிரித்தார். "பின்னாலதானே கீது, யாருக்குத் தெரியப் போவுது?" அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தது மாமாதான். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரே தடவையில் கோர்த்துவிட்டார். எத்தனை தடவை கொடுத்தாலும் அப்படித்தான், ஒரு முறைகூடத் தப்பவில்லை.

சித்திரையில் கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் தெரு முனையில் சரிகைக் கடை வைத்திருந்தவருக்கு ஒரு தங்கை, வயது முப்பதைத் தொட்டுவிட்டது, ஜாதகத்தில் ஏதோ சிக்கல். மாமாவுக்கு நாற்பது நெருங்குகிறது. இரண்டு பக்கமும் பெரிதாகக் கேள்வி கேட்க முடியாத இடம். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த அத்தை ஒருநாள் என்னை ஜன்னலண்டை கூப்பிட்டு, "உங்க மாமா காப்பிக்கு சக்கரை போட்டுப்பாரா, வெல்லமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மாமாவைக் கேட்டு, திரும்ப ஓடிப்போய் "வெல்லம்" என்று சொன்னேன். அந்த அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கடைக்காரரின் மகள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். ஒருநாள் இடைவேளையில் மாங்காய்க்கு உப்பு மிளகாய் தொட்டுக்கொண்டே சொன்னாள்:

"உங்க மாமா மிலிட்டரியே இல்லியாம். எங்கியோ ஓட்டல்ல எச்சில் எல எடுத்தாராம். எங்கப்பா சொன்னாரு."

"எங்க மாமாகிட்ட அசல் சரிகைல பேட்ஜு இருக்குது. உங்கப்பன் கடைலகூட அப்பிடி சரிகை இருக்காது."

"இருந்தா எத்தினு வா பாக்கலாம்."

எத்தினு போனேன். மாமா குளிக்கப் போயிருந்த நேரம், பெட்டியைத் திறந்து, பொட்டலத்தோடு பாவாடையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். யாரும் அனுப்பவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டு நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, அதன்மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசினால் அது சரிகை. சந்தேகம் என்றால் சுரண்டிப் பார். சிவப்பு வந்தால் அசல். வெள்ளையோ மஞ்சளோ வந்தால் போலி, நாடகக்காரன் வேஷத்துக்கு ஆகும். எங்கள் ஊரில் கோயிலுக்கு அடுத்தபடி பொய் சொல்லாத இடம் சரிகைக் கடைதான் என்று நினைத்திருந்தோம்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. மடியில் வைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், "வேல நல்லாத்தான் இருக்குது" என்றார். அப்புறம் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சுரண்டிப் பாக்கட்டுமா பாப்பா?"

கேட்டுவிட்டுத்தான் செய்தார். நான்தான் சொன்னேன், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "நல்லா சுரண்டுங்க. செகப்புதான் வரும்."

இடது பக்கத் துப்பாக்கியின் கட்டையில் மூன்று தடவை சுரண்டினார். கிர்ர், கிர்ர், கிர்ர். தங்கம் பிரிந்தது. உள்ளே மஞ்சள்.

கடைக்காரர் அதைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். "போய் உங்கம்மாகிட்ட குடு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சர்க்கார் கொடுத்திருந்தால் அசல் சரிகையாக இருந்திருக்கும், இது ஏதோ நாடகக் கொட்டகையில் கிடைத்தது, ஆள் நம்மை ஏய்க்கப் பார்த்திருக்கிறான். இந்தக் கணக்கை அவர் போட்டார், கடையில் இருந்தவர்கள் போட்டார்கள், சாயங்காலத்துக்குள் தெருவே போட்டு முடித்தது. மாமாதான் பெருமை பீற்றிக்கொள்ள என்னிடம் கொடுத்து அனுப்பினார் என்றும் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. மாமா எதிரில் வந்து நின்றாள்.

"ஏண்ணா, கொழந்த கையில குடுத்தா அனுப்புவ? இப்ப சந்தி சிரிக்குதே!"

மாமா என்னைப் பார்த்தார். நான் தறிக் குழிக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார்.

"ஆமாம்மா. நான்தான் அனுப்பினேன்" என்றார்.

அந்தக் கோடை முழுக்க மாமா சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும்தான் எல்லாரும் நம்பினார்கள்.

"நெஜத்த சொல்லுண்ணா. நீ பட்டாளத்துலதான் இருந்தியா?"

மாமா பேட்ஜைக் கையில் வைத்து அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சண்டை போடுவார், சத்தியம் செய்வார் என்று நினைத்தேன். அவரும் இந்த ஊர்ப் பிள்ளைதானே! சுரண்டினால் சிவப்பு வர வேண்டும் என்று அம்மா பாலோடு குடித்தவர்தானே!

"இருந்தேன்னுதாம்மா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அப்புறம், "சரிகைக்காரரு கண்ணு பொய் சொல்லாது. எனக்குக் குடுத்தவன்தான் போலியக் குடுத்துட்டான் போல" என்றார்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

வைகாசியில் வரதருக்குக் கருட சேவை. ஊரே தெருவில். பெருமாள் போன பிறகு சாயங்காலம் கடைவீதியில் ராட்டினம், பொரி, பலூன் சுடுகிற கடை. அதற்குள் பெண் வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டாயிற்று. அம்மா என்னை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். மாமா நாலடி பின்னால் வந்தார். பலூன் கடையண்டை எங்கள் தெரு ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னா மிலிட்டரி, ஒண்ணு சுடு பாக்கலாம்."

"மொத பரிசு வாங்கின கையாச்சே!"

மாமா தாண்டித்தான் போகப் பார்த்தார். நான் அம்மா கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்தேன். "சுடு மாமா. சுட்டுக் காட்டு மாமா." எனக்கு அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது. ஒரு பலூன் வெடித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும், நான் செய்தது இல்லாமல் போய்விடும்.

மாமா துப்பாக்கியை வாங்கினார். அட, அவர் அதைத் தோளில் வைத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும்! முதுகு நிமிர்ந்தது, கால் தானாக இடம் பார்த்து நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இடது கண் மூடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணினேன். இருபதுக்கு மேல் போயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை. மெதுவாகக் கீழே இறக்கிப் பலகைமேல் வைத்துவிட்டார்.

"கண்ணு மறைக்குது பாப்பா" என்றார்.

"கண்ணு தெரியாதவன்தான் குறி பாத்து சுட்டானாம்!" என்று ஒருவன் சொல்ல, கடைவீதியே சிரித்தது. நான் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெட்டியும் இல்லை, குவளையும் இல்லை, மாமாவும் இல்லை. அந்த அத்தையை அந்த வருஷமே ஆற்காட்டுப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகிப் போயிற்று. பால்காரன் தண்ணீர் ஊற்றினால், "மாமா பேட்ஜு." தம்பி படித்துவிட்டேன் என்று சொன்னால், "படிப்பா, இல்ல மாமா பேட்ஜா?" அம்மாதான் ஆரம்பித்தாள். நைனாவும் சொன்னார், தெருவும் சொன்னது. வெட்கக்கேடு, நானும் சொல்லியிருக்கிறேன், கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம்.

அவருக்கு வடக்கே ஒரு கன்டோன்மென்ட்டில் குமாஸ்தா வேலை. குவார்ட்டர்ஸுக்கு எதிரில் ஒரு வயதான பாய், பட்டாளத்துக்கு பேட்ஜு தைத்துக் கொடுக்கிறவர். பொழுது போகாமல் ஒருநாள் அவர் கடை வாசலில் நின்று பார்த்தேன். சிவப்புத் துணியில் முதலில் மஞ்சள் பஞ்சு நூலை அடுக்கி மேடு கட்டினார். அப்புறம் தங்கக் கம்பிச் சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, பூ கோர்க்கிற மாதிரி ஊசியில் கோர்த்து, அந்த மேட்டின்மேல் பதித்தார்.

அரைகுறை இந்தியில் கேட்டேன், உள்ளே சிவப்புப் பட்டு வைக்க மாட்டீர்களா என்று. பாய் சிரித்தார். இதில் சரிகை ஏது மகளே, இது வெறும் கம்பி, அடியில் மஞ்சள்தான், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இப்படித்தான், மஞ்சள் இல்லாவிட்டால்தான் போலி என்றார். நான் அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பாயிடம் போய்ப் போய்த்தான் எல்லாம் கற்றேன். மாமாவை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த பேட்ஜையாவது.

அந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, மாமா பேட்ஜு இருக்குதில்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்ச எடுக்காத. ஒரு கொழந்த கையில குடுத்து அனுப்பினான் பாரு, அத நெனச்சாதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

பேட்ஜு அசல் என்று சொன்னால், அடுத்த வார்த்தை நான் எடுத்துக்கொண்டு போனதைச் சொல்ல வேண்டும். அம்மா அரிசியில் கல் பொறுக்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தேன். ஒரு தடவையும் சொல்லவில்லை. தன் அண்ணன் புளுகன் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் போனாள். இப்போது எந்த பேட்ஜுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கிர்ர் சத்தம் கேட்கிறது. காது மந்தமான பிறகும் கேட்கிறது.

போன மாதம் வேலூரிலிருந்து ஒரு பையன், பேங்கில் வேலை செய்கிறவன், ஒரு படம் அனுப்பினான். இரண்டு துப்பாக்கி, கிரீடம். இந்த மாதிரி நூறு பார்த்திருக்கிறேன். வழக்கம்போல, பின்பக்கத்தைக் காட்டு என்று எழுதினேன்.

வந்தது. அரக்குப் பட்டு. தலை இல்லாத மயில்.

போன் மடியில் விழுந்துவிட்டது. எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"எங்கேப்பா கெடச்சிது இது?"

"பழைய சாமான் கடைல ஆன்ட்டி. அரக்கோணம் பக்கம் ஒரு மில்லு வாட்ச்மேன் பெட்டியாம். அவரு போயி ரொம்ப வருஷம் ஆச்சாம், சொந்தக்காரங்க யாரும் வரலியாம்."

அரக்கோணம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இத்தனை வருஷமும் ஒரு மணி நேரத்தில் இருந்திருக்கிறார்.

"ஆனா இது டூப்ளிகேட்தானே ஆன்ட்டி? குரூப்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

"ஏன்?"

"லெஃப்ட் சைடு கட்டைல யாரோ சுரண்டியிருக்காங்க. உள்ள ரெட் த்ரெட் தெரியுது. ஒரிஜினல்னா மஞ்சள்தான் இருக்கணும், செகப்புன்னா தூக்கிப் போடுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று கீறல். அந்த மூன்று கீறலிலும், மஞ்சளே தெரியாதபடி, சிவப்புப் பட்டு நூல். மேலே மட்டும் பூசியது இல்லை, ஊசியால் உள்ளே விட்டு விட்டு இழுத்துத் தைத்தது. தையல் தெரியாத கை. நெருக்கமும் இல்லை, வரிசையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குத்தும் சரியாகக் கீறலுக்குள்தான் விழுந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்த மில்லுக் காவல் கொட்டகையில், இடது கண்ணை மூடிக்கொண்டு அதை அசல் ஆக்கியிருக்கிறார்.

"ஆன்ட்டி? லைன்ல இருக்கீங்களா?"

"எங்க மாமா என்னை அனுப்பலப்பா" என்றேன். "நானாதான் எத்தினு போனேன். நான்தான் சுரண்டச் சொன்னேன்."

பாவம், அவனுக்கு என்ன புரியும்?

"புரியல ஆன்ட்டி. அப்போ நான் இதுக்குக் கீழ ஒரிஜினல்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ. அந்தச் செகப்பு நூலப் பிரிச்சிடாத. ஒரிஜினல்னு பெருசா எழுதுப்பா" என்றேன்.